பப்பாசி போட்ட சூப்

மகள் முருங்கையிலைப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, “சூப்பர்ஃபுட், அம்மா” என்றாள். போத்தலின் விலையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொள்ளைக்காரர்கள். ஆனால் அந்தப் பச்சை மணம் என்னை கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் முதலில் இருந்த அப்பார்ட்மென்டுக்கு இழுத்துப் போனது.

தங்கச்சி பிறந்திருந்தாள். அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை கத்த, அம்மாவும் அழுதார். பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அன்ரி முருங்கையிலையும் பப்பாசிக்காயும் போட்ட கோழிச் சூப் கொண்டுவந்தார்.

“ஐயோ, பப்பாசி உடம்புக்குச் சூடு. நான் தொடமாட்டன்.”

அம்மா சொன்னதை நான் அன்ரிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அன்ரி கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பப்பாசித் துண்டுகளையெல்லாம் தானே பொறுக்கித் தின்றுவிட்டு, மிச்சத்தை நீட்டினார். அம்மா சிரித்துவிட்டார். குடித்தார்.

தினமும் அப்படித்தான். ஒருநாள் விடியவே அம்மா கத்தினார்: “ஓடிப்போய் அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாடி. பிள்ளை பால் குடிக்கிறதை அவ வந்து பாக்கட்டும்!”