எதிராளி கொடுத்த கம்பளி

கொஸ்லந்தப் பக்கம் ஒரே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஏன் இத்தனை குத்துச்சண்டை வீரர்கள் வருகிறார்கள்? மலைக்காற்று, ஏற்றம் ஏறி உரமான கால்கள் என்று கொப்பி நிறையக் காரணம் எழுதிவைத்திருந்தேன். பண்டாரவளைக் கடைக்காரர் மகன் நான். எனக்கும் குத்துச்சண்டைப் பைத்தியம்.

பதுளையில் இறுதிப்போட்டி. எதிராளி அந்தத் தோட்டத்துக் குமார். காலையில் எடை பார்த்தபோது எனக்கு முந்நூறு கிராம் கூடுதல். ஒரு மணி நேரத்துக்குள் குறைக்காவிட்டால் நான் வெளியே. மோதாமலே தங்கம் அவனுக்கு.

அழுகை முட்ட நின்றேன். குமார் ஒரு கம்பளியோடு வந்தான். அவன் அம்மா கொழுந்து பறிக்கையில் மழைக்குப் போர்த்துவது.

"என்னத்தடா தின்ன?"

"ரோல்ஸ். ஆறு."

"நாசமாப் போச்சு! இதச் சுத்திக்கிட்டு ஓடு மச்சான், வேர்த்து எடை எறங்கிரும். நானும் வாறேன்."

"நான் இல்லாட்டி மெடல் உனக்குத்தானே?"

"சும்மா கெடச்சத லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனா, யார அடிச்சன்னு அம்மாவே கேப்பாங்க. ஓடு!"

பக்கத்து ஏற்றத்தில் ஏறி இறங்கினோம். நான் நின்றபோதெல்லாம் முதுகில் கைவைத்துத் தள்ளினான். மறுபடி தராசில் ஏறினேன், எடை சரி. என்னைவிட அவன்தான் பெரிதாகக் கத்தினான்.

மாலையில், மூன்றாவது சுற்றில், கொஞ்சமும் இரக்கமில்லாமல் என்னை வீழ்த்தினான்.

இப்போது வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்கே பயிற்சிக்குப் போகிறேன். அங்கே எல்லோரும் அப்படித்தான். எதிரில் நிற்பவனைத் தேற்றி, பிழையைச் சொல்லிக்கொடுத்து, பிறகுதான் அடிக்கிறார்கள். குமாரை இன்னும் வெல்ல முடியவில்லை. ஆனால் மற்ற ஊர்க்காரர்களிடம் நான் தோற்பது குறைந்துவிட்டது. ஒவ்வொரு முறை நடுவர் என் கையைத் தூக்கும்போதும் மனதுக்குள் அவனுக்குத்தான் முதலில் நன்றி சொல்கிறேன்.