புகையாத கரி

இங்கே கரியைக் காகிதப் பைக்குள் போட்டு, வாயைத் தைத்துத்தான் விற்கிறார்கள். பையின்மேல் வாட்டிய இறைச்சியின் படம் இருக்கும். எத்தனை கிலோ, எந்த மரம் என்பதெல்லாம் இரண்டு மொழியில் இருக்கும். உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்க்க மட்டும் வழியில்லை. ஆகவே போன சனிக்கிழமையும் நான் வழக்கம்போலக் கடையின் நடுவில் நின்று, ஒவ்வொரு பையாகத் தூக்கிக் காதோடு வைத்துக் குலுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாவது பை சரசரவென்றது, தூள் அதிகம். இரண்டாவது பொத்துப் பொத்தென்றது. ஈரம் குடித்ததாக இருக்கவேண்டும், அல்லது சரியாக வேகாதது. மூன்றாவதில்தான் ஓட்டுத்துண்டுகள் உரசுவதுபோலக் கிணுங்கென்ற சத்தம் கேட்டது. அதை வண்டியில் வைத்து நிமிர்ந்தால், கடையில் வேலைசெய்யும் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"மெஸ்ஸியூ, உள்ளே ஏதாவது உடைந்துவிட்டதா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லை. நல்லது எது என்று கேட்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"எல்லாம் ஒன்றுதான். கரிதானே!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பாவம், அவளோடு வாதாடி என்ன பயன்? கரியைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இந்த மொன்ட்ரியால் தீவில் ஆள் இல்லை என்று இருபது வருடமாக நம்பியிருந்தவன் நான். இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன். ஒரேயொரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாதது என்றுகூடச் சொல்லமுடியாது. படித்துப் பரீட்சையும் எழுதிய விஷயம் அது. அதனால் என் அண்ணை சாகப் பார்த்தார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்று இருந்த காலத்தில் அண்ணையும் நானும் உடுப்பு அயன் பண்ணிப் பிழைத்தோம். ஒரு தையல்கடையின் பக்கச் சுவரோடு சாய்த்து இறக்கிய சாய்ப்புத்தான் எங்கள் கடை. அண்ணைக்கு இருபத்தைந்து வயது, எனக்குப் பதினெட்டு. ஆசிரியைமாரின் சேலைகளும் வங்கியில் வேலை செய்பவர்களின் வெள்ளைச் சட்டைகளும் வரும். கரி போட்ட அயன்பெட்டியில் இருந்து ஒரு பொறி பறந்தால் ஒரு சட்டை போச்சு. புகை வந்தால் உடுப்பெல்லாம் நாறும். அதனால் கரி தெரிந்தெடுப்பதில் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள் ஆனோம். விற்பவர்கள் நிறைக்காகத் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள், ஆகவே சாக்கின் அடியில் கையை விட்டுப் பார்க்கவேண்டும். இரண்டு துண்டை எடுத்துத் தட்டினால் கிணுங்கவேண்டும். உடைத்தால் உள்ளே பளபளக்கவேண்டும். மண்ணிறம் தெரிந்தால் குறைவேக்காடு, கண்ணைக் கரிக்கப் புகையும். புளியமரக் கரி கிடைத்த நாள் எங்களுக்குத் திருநாள். சிரட்டைக்கரி சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் முடியும். முருங்கைபோல நெஞ்சில் வைரமில்லாத மரத்தின் கரியைச் சும்மா தந்தாலும் வாங்கமாட்டோம்.

காலையில் நான் முற்றத்தில் குந்தியிருந்து கரியை விசிறுவேன். உள்ளே மேசையில் துணியை விரித்தபடி அண்ணை குரல் கொடுப்பார், "புகையுதோ?"

"இல்லை அண்ணை."

இல்லை என்ற பிறகுதான் பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார். புகை நின்றால் கரி நல்லது, வேலை தொடங்கலாம். அந்தக் கேள்வியும் பதிலும் எங்கள் இரண்டு பேருக்கும் காலை வணக்கம்போல ஆகியிருந்தது.

பிறகு அண்ணை முதலில் இங்கே வந்தார். டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்து, பாதித் தூக்கத்தில் உழைத்து, என்னையும் இங்கே எடுத்தார். நான் அதே விமான நிலையத்தில் பெட்டி தூக்கி, கலியாணம் செய்து, கடைசியில் கர்க்லாண்டில் ஒரு பழைய வீடு வாங்கினேன். அண்ணை தனியாள். மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் வீடு வாங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. "பழைய வீடு, கடனுக்கு மேலை கடன், உனக்கு விசரோ?" என்று கேட்டவர், அதன் பிறகு ஐந்து வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. தொலைபேசியில் கதைப்பார், கோயிலில் கண்டால் கதைப்பார், வீட்டுக்குள் மட்டும் வரமாட்டார். எனக்கும் வீம்பு. ஆனால் அந்த வீட்டின் முன்னறையில் செங்கல்லால் கட்டிய ஒரு கணப்படுப்பு இருந்தது. அதைப் பார்த்ததும்தான் வீட்டை வாங்கினேன் என்பதை அண்ணையிடம் சொல்லவேண்டும், அவரை அதன் முன்னால் இருத்தவேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அந்த நாள் ஒரு ஏப்ரலில் வந்தது. இங்கே 'வெர்கிளா' என்பார்கள். மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும். மரங்கள் முறிந்து கம்பிகளின்மேல் விழ, தீவின் பாதிக்கு மின்சாரம் போய்விட்டது. அண்ணைக்கு அந்த மாரியில் நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியால் வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. குளிர் படவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். காலையில் அழைத்தேன். குரலே நடுங்கியது.

"அண்ணை, வெளிக்கிடுங்கோ. நான் வாறன்."

"உங்கையும் கறண்ட் இல்லையெண்டாய்?"

"கறண்ட் இல்லை. அடுப்பிருக்கு."

"சரி, வா" என்றார்.

கண்ணாடித் தெருவில் ஊர்ந்து போய் அவரைக் கூட்டிவந்தேன். என் மனைவி ஜெயந்தி விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. விமான நிலையத்தில் மின்சாரம் இருந்ததால் அவள் போயிருந்தாள். ஆக நாங்கள் இரண்டு பேரும்தான். கணப்படுப்பின் முன்னால் கதிரையைப் போட்டு, போர்வையால் சுற்றி அண்ணையை இருத்தினேன். மத்தியானத்தோடு விறகு முடிந்தது. கடைகள் பூட்டு. வாகனத்தரிப்பிடத்தில் கோடைக்கென்று வாங்கிய ஒரு பை மேப்பிள் கரி கிடந்தது. என்னுடைய காது தெரிந்தெடுத்த கரி. பையில் என்னவோ எச்சரிக்கை சிவப்பில் எழுதியிருந்தது. எனக்கா எச்சரிக்கை?

கரி பிடித்து, முதல் புகை போய், தணல் சிவந்தது. அண்ணை குனிந்து ஒரு துண்டைக் குறடால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கரிதான்ரா எடுத்திருக்கிறாய். ஒரு பொட்டுப் புகை இல்லை."

ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் வாயால் வந்த நல்ல வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு இன்னும் சூடு வேண்டுமே என்று பார்த்தால், சூட்டில் பாதி புகைபோக்கியால் மேலே போகிறது. புகைபோக்கியின் கழுத்தில் ஒரு இரும்புத் தட்டு உண்டு. பிடியை இழுத்தால் மூடிக்கொள்ளும். புகைதான் இல்லையே, பிறகு புகைபோக்கி எதற்கு?

"மூடட்டோ அண்ணை?"

"மூடு, மூடு. ஏன் காசை வானத்துக்கு விடுறாய்?"

மூடினேன். அறை நன்றாகச் சூடேறியது. குளிர் வரக்கூடாதென்று ஜன்னல்களுக்கெல்லாம் மாரி தொடங்கும்போதே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தேன். கதவடியில் துணி செருகியிருந்தேன். கொரிடோரில் இருந்த அலாரத்தை எப்போதோ கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டாயிற்று. புகைக்கும் நச்சுக்காற்றுக்கும் சேர்த்து ஒரே அலாரம் அது. செத்தல் மிளகாய் பொரிக்கும் ஒவ்வொரு தடவையும் கத்தி ஊரைக் கூட்டினால் யார்தான் வைத்திருப்பார்கள்? நான் போன தமிழ் வீடுகளில் பாதியில் அது லாச்சிக்குள்தான் கிடக்கும்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். "தலையிடிக்குதடா" என்றார் அண்ணை. எனக்கும் லேசாக இடித்தது. காலையிலிருந்து தேத்தண்ணி இல்லை, இடிக்காமல் என்ன செய்யும்? தணலிலேயே கேத்திலை வைத்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தார். பேந்து குடிக்கிறன் என்று கோப்பையை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நிம்மதியாகத் தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டு ஜீல், எழுபது வயது, சப்பாத்தில் இரும்புப் பல் கட்டிக்கொண்டு உறைபனியைக் கடந்து வந்திருந்தார்.

"உங்கள் புகைபோக்கியில் புகையே இல்லை!" என்றார் பிரெஞ்சில். முகம் ஒரு மாதிரி இருந்தது.

நான் பூரித்துப் போனேன். கடைசியில் ஒரு வெள்ளைக்காரனுக்காவது விளங்கியதே!

"ஆம், ஆம், புகையே இல்லை! நல்ல கரி, மெஸ்ஸியூ ஜீல்!" என்றேன். சொன்னதோடு விட்டேனா? பையிலிருந்து இரண்டு துண்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே தட்டிக் காட்டினேன். கிணுங்கென்றது.

அவர் கரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "உள்ளே வேறு யார்?"

"என் அண்ணன். தூங்குகிறார்."

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். புகைபோக்கித் தட்டின் பிடியைத் தள்ளித் திறந்தார், முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்தார், அண்ணையின் கதிரையைப் பிடித்து வாசலுக்கு இழுக்கத் தொடங்கினார். நான் கத்தினேன். "குளிர்! அவருக்கு நெஞ்சு சரியில்லை! குளிர் கூடாது!" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டு கதிரையை உள்ளே இழுத்தேன். எழுபது வயது மனிதரோடு கதிரைக்கு இழுபறி! அப்போதுதான் என் முழங்கால் மடிந்தது. அண்ணையின் தலை ஒரு பக்கம் சரிந்து ஆடியது. கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. இழுத்த கையை விட்டேன். விட்டுவிட்டு, ஜீலோடு சேர்ந்து தள்ளினேன். எந்தக் குளிர் படக்கூடாதென்று கூட்டிவந்தேனோ, அதே குளிருக்குள் என் கையாலேயே அவரைக் கொண்டுபோய் இருத்தினேன்.

ஜீல் தொலைபேசியில் அழைத்த தீயணைப்புக்காரர்கள் வந்து ஒட்சிசன் முகமூடியைப் போட்டார்கள். ஒருவர் கையில் ஒரு கருவியோடு உள்ளே போய் வந்து, 'மொனொக்சீட்' என்று ஒரு சொல்லைச் சொன்னார். பிரெஞ்சுச் சொல்தான். ஆனால் என் தலைக்குள் அது தமிழில் விழுந்தது: காபனோரொட்சைட்டு. ஏ.எல். பரீட்சையின் இரசாயனவியல். ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பாடமாக்கியது. நிறமற்றது, மணமற்றது, நச்சுத்தன்மையானது. கரி போதிய காற்றின்றி எரியும்போது உண்டாவது. அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எனக்கு. காலையில் கரி விசிறிய கையும் இரவில் அதை எழுதிய கையும் ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துச் சாய்ப்பில் எங்களைக் காப்பாற்றியது நல்ல கரி அல்ல. கிடுகு வேலியும், ஓட்டைத் தகரமும், கதவே இல்லாத வாசலும்தான். அதுவரை அந்த ஓட்டைகளை வறுமை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜீல் சின்ன வயதில் இருந்த தெருவில் வீடுகளெல்லாம் நிலக்கரி அடுப்பில்தான் சூடானதாம். ஒரு காலை ஒரு வீட்டில் யாரும் எழும்பவில்லையாம். அன்றிலிருந்து மாரியில் ஜன்னலைத் திறந்து பார்த்தால் அவர் கண் முதலில் புகைபோக்கிகளைத்தான் எண்ணுமாம். எங்கள் ஜன்னலில் தணல் சிவப்பு தெரிகிறது, கூரையில் புகை இல்லை. அவ்வளவு போதுமாயிருந்தது அவருக்கு.

அண்ணை ஆஸ்பத்திரியில் ஒரு இரவு இருந்தார். மறுநாள் போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"ஏன்ரா அழுறாய்? மூடச் சொன்னது நான்தானே" என்றார். பிறகு கூரையைப் பார்த்தபடி, "வீடு நல்ல வீடுதான். காத்துத்தான் வரேல்லை" என்றார்.

ஜெயந்தி அழவில்லை. லாச்சியைத் திறந்தாள், அலாரத்துக்குப் புது பட்டரி போட்டாள், கதிரையில் ஏறித் தானே மாட்டினாள். "இனி மிளகாய் பொரிக்கேக்கை கதவைத் திறந்துபோட்டு நில்லுங்கோ. உதிலை கை வைச்சால் நான் மனிசியா இருக்கமாட்டன்" என்றாள். இறங்கிய பிறகும் கொஞ்சநேரம் கதிரையைப் பிடித்தபடியே நின்றாள்.

கரி இப்போது வெளியே மட்டும்தான், கோடையில், திறந்த வெளியில். அதையும் காதால் கேட்டுத்தான் வாங்குவேன், கடைப்பெண் எவ்வளவு சிரித்தாலும். உள்ளே இரண்டு வருடம் காய்ந்த மேப்பிள் விறகு மட்டும், அதுவும் மின்சாரம் போனால்தான். அண்ணை இப்போது வெள்ளிக்கிழமைகளில் வந்து ஞாயிறு கோயிலுக்குப் பிறகு போகிறார். போன மாரியிலும் ஒருநாள் மின்சாரம் போனது. விறகை மூட்டிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முற்றத்துப் பனிக்குள் இறங்கி நின்றேன். முழங்கால்வரை கர்க்லாண்ட் பனி. புகைபோக்கித் தட்டு திறந்துதான் இருக்கிறது, என் கையால்தான் திறந்தேன். ஆனாலும் அண்ணாந்து பார்க்காமல் இனி என்னால் இருக்கமுடியாது. முன்னறை ஜன்னல் ஒரு விரலளவு திறந்திருந்தது. பிளாஸ்டிக்கைக் கிழித்து அந்த ஓட்டையை வைத்தவன் நான்தான். அதற்குள்ளால் அண்ணையின் குரல் வந்தது.

"புகையுதோ?"

முப்பது வருடப் பழக்கத்தில் இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பியது. கூரைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று எழும்பி, எதிரே ஜீல் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. எதிர் ஜன்னலில் ஜீல் கையை அசைத்தார்.

"ஓம் அண்ணை, நல்லாப் புகையுது."

"அப்ப உள்ளை வா."