ஜெனோவாவின் பழைய தெருக்களும் என் கெட்ட எண்ணமும்

இத்தாலியில் ஜெனோவா என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அதன் பழைய பகுதியில் எந்தச் சந்து எங்கே திரும்பும், எந்த மூலையில் எந்த மாதா நிற்கிறாள் என்றெல்லாம் அந்தமானில், கராச்சர்மாவில் என் வீட்டு நாற்காலியை விட்டு எழாமலே சொல்வேன். அங்கே போய்ப் படித்தவள் என் மகள். மனப்பாடம் ஆனது எனக்கு.

பழைய கட்டடங்களைப் பற்றித்தான் அவள் படித்தாள். படிப்பு முடிந்தது, விசாவும் முடியப்போகிற நேரம். அங்கே ஒரு சின்னச் சுற்றுலா அலுவலகம், இந்தியாவிலிருந்து வரும் கூட்டத்துக்குப் பழைய பகுதியைச் சுற்றிக்காட்ட ஆள் தேடியது. முதலில் ஒரு நாள் அந்த அலுவலகத்தாரையே கூட்டிக்கொண்டு நடந்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை, அங்கேயே இருக்கலாம். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் தோற்றுப்போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பெற்றவள் இப்படியா நினைப்பாள் என்று கேட்பவர்கள், மூன்று வருஷம் பெண்ணைப் போனில் மட்டும் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அவளோ ஒத்திகைக்கு எங்களைத்தான் பிடித்தாள். "நீயும் அப்பாவும்தான் டூரிஸ்ட். நான் நடந்துகிட்டே வீடியோல காட்டுவேன். சும்மா தலைய ஆட்டக் கூடாது, கேள்வி கேக்கணும்" என்றாள். நாங்கள் சாயங்கால டீயோடு உட்காரும் நேரம் அங்கே மத்தியானம். வெயில் இருக்கும்போதே அந்தச் சந்துகள் இருட்டாக இருந்தன.

என் கணவருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை. தீவுக்குத் தீவு போகிற கப்பல்களில் ஜனங்களை ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர். டூரிஸ்ட் என்று பார்த்தால் தங்கமான டூரிஸ்ட். எதைக் காட்டினாலும் "பஹுத் அச்சா" என்று எங்கள் தீவு இந்தியில் மெச்சுவார், அஞ்சாவது நிமிடம் கண் செருகிவிடும். ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் நாள் ஒரு சந்து மூலையில் நின்றாள். சுவரில் மேலே ஒரு மாடத்தில் மாதா சிலை. "இந்த மாதிரி மூலைக்கு மூலை இருக்கும்மா. அழகா இல்ல?"

"அழகு இருக்கட்டும். எதுக்கு மூலையில வெச்சான்? தெருக்குத்தா?"

"அம்மா, இத்தாலிக்காரனுக்குத் தெருக்குத்து எப்படித் தெரியும்?"

"அப்ப எதுக்கு? காசு குடுத்து வர்றவன் கேப்பானா மாட்டானா?"

முழித்தாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆனால் மறுநாளே பதிலோடு வந்து நின்றாள்: ராத்திரியில் அந்த மாதாக்களுக்கு முன்னால் விளக்கு வைப்பார்களாம், தெருவிளக்கு இல்லாத காலத்தில் ஜனங்கள் அந்த வெளிச்சத்தில்தான் நடப்பார்களாம். நன்றாகத்தான் சொன்னாள், பாவி.

அடுத்து பெரிய கிறிஸ்தவக் கோயில். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகக் கல் அடுக்கிக் கட்டியது, வாசலில் இரண்டு சிங்கம். உள்ளே ஒரு குண்டைக் காட்டினாள். யுத்த சமயத்தில் கடலிலிருந்து பிரிட்டிஷ் கப்பல் சுட்டதாம். சுவரைத் துளைத்து உள்ளே விழுந்து, வெடிக்கவே இல்லையாம். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"இதுல என்னடி அதிசயம்? நம்ம ஊர்ல ஜப்பான்காரன் கட்டின பங்கர்ல ஆடு படுத்திருக்கு. நாம ஊரக் கூட்டியா காட்டுறோம்?"

"அம்மா!"

"அந்தக் குண்டு விழுந்தப்ப உள்ள யாரு இருந்தா, அதச் சொல்லு. குண்ட மட்டும் காட்டினா எவன் நிப்பான்?"

பதில் தேட அதையும் குறித்துக்கொண்டாள். இப்படியே இரண்டு வாரம். சந்து குறுகக் குறுக சிக்னல் போய்விடும். இத்தனை காலம் சிக்னல் இல்லாதது எங்கள் தீவின் தனிப்பெருமை, அதையும் ஜெனோவா பிடுங்கிக்கொண்டது.

துறைமுகத்தை ஒட்டிய பழைய மாளிகையைக் காட்டிய நாள் மட்டும் என் கணவர் தூங்கவில்லை. ஒரு காலத்தில் அது ஜெயிலாக இருந்ததாம். "போச்சு, நம்ம ஊருக்கு வர்றவனும் ஜெயிலத்தான் பாக்க வர்றான்" என்றேன். இப்போது அதில் துறைமுக அலுவலகம் என்று அவள் சொன்னதும், மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், தனக்கே அங்கே மாற்றல் வந்ததுபோல. அப்புறம் எங்கள் தீவில் யாரும் எதைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். வெங்காயமானாலும் சிமெண்டானாலும் கல்யாணப் பெண்ணானாலும் நாங்கள் முதலில் கேட்பது அதுதான்.

"இந்தக் கல்லெல்லாம் எந்தக் கப்பல்ல வந்துச்சும்மா?"

"அப்பா, இது தீவு இல்லப்பா, மெயின்லேண்டு. எல்லாமா கப்பல்ல வரும்?" என்று சிரித்தாள்.

"போய்க் கேட்டுட்டு வா. பதில் தெரியாம ஆள் கூட்டிட்டுப் போவியா?" என்று நானும் சேர்ந்து அதட்டினேன்.

போய்ப் படித்திருக்கிறாள். கிழக்கே தூரத்து ஊரில் வெனிஸ்காரர்களுக்கு இருந்த கட்டடத்தை இடித்து, அந்தக் கல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து இதைக் கட்டியதாகச் சொல்கிறார்களாம். என் கணவர் இரண்டு நாள் ஜெட்டியில் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். பெண் இப்போது நடந்துகொண்டே தடுமாறாமல் பேசினாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கேள்விக்குப் பதில் சொன்னாள். தோற்கிற ஆள் மாதிரியே தெரியவில்லை.

அலுவலகத்தாரை அவள் கூட்டிக்கொண்டு நடந்த அன்று, நான் வேலை பார்க்கிற ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து டீ போட்டு, அது ஆறி, மறுபடி சுட வைத்தபோது போன் வந்தது.

"அம்மா, கெடச்சிருச்சு! நீ கேட்டதத்தான் அவங்களும் கேட்டாங்க. மூலையில எதுக்கு மாதா, குண்டு விழுந்தப்ப யாரு உள்ள... வரிசையா சொன்னேன். கல்லு கப்பல்ல வந்த கதையச் சொன்னதும் கை தட்டிட்டாங்கம்மா!"

என் கணவர் "பஹுத் அச்சா, பஹுத் அச்சா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ பொய்யாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

"நான் ஒண்ணும் நீ ஜெயிக்கணும்னு கேக்கலடி. நீ திணறித் தோத்து வீட்டுக்கு வரணும்னுதான் கேட்டேன்."

"தெரியும்மா. மொத நாளே தெரியும். இங்க ஃப்ரெண்ட்ஸுங்க எல்லாம் எதச் சொன்னாலும் சூப்பருங்கறாங்க. நான் தோக்கணும்னு நெசமாவே ஆசப்பட்ட ஒரே ஆள் நீதான். அதான் தெனமும் உனக்குப் போன் போட்டேன்."

சிரிப்பு வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது. இவளுக்குச் சொல்லித் தருகிறோம் என்று தெரியாமலே சொல்லிக் கொடுத்து, என் கையாலேயே அவளை அங்கே உட்கார வைத்துவிட்டேன். வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

"நல்லா இருடி" என்றேன்.