கலைச்செல்வி மேடம் தேர்ந்தெடுத்த லென்ஸ்

நம் பறவைக் குழுவின் வாட்ஸப்பில் காலையில் வருவது பறவைப் படம்தான். சென்ற மாதம் ஒரு நாள் கலைச்செல்வி மேடத்தின் படம் வந்தது. என்ன பரிசு வாங்கினாரோ என்று நினைத்துக்கொண்டே கீழே படித்தேன். மாரடைப்பு என்றிருந்தது. கும்பகோணத்தில் ஒரே வங்கிக் கிளையில் பல வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்த எனக்கும் செய்தி அப்படித்தான் வந்தது.

அவருடைய லென்ஸை உங்களுக்கெல்லாம் தெரியும். அதை ஏன் வாங்கினார் என்பது சிலருக்குத் தெரியாது. அதற்கு முன் ஒரு நண்பரிடம் பெரிய லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, நாரையைப் படமெடுக்கக் கீழ்வேளூர்ப் பக்கம் போனோம். ஸ்டாண்டு இல்லாமல் அதைத் தூக்கவே முடியாது. புதிதாக மண் அணைத்திருந்த வரப்பில் மேடம் ஸ்டாண்டை ஊன்றினார். ஒரு கால் உள்ளே இறங்கி வரப்பு உடைந்தது. மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்குப் பாய, வயல்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர் வந்து சேர்வதற்குள் மேடம் லென்ஸை என் கையில் திணித்துவிட்டு, சேற்றில் இறங்கி, மண் அள்ளி உடைப்பை அடைத்துவிட்டார். நாரை எப்போதோ போய்விட்டது.

"நிக்கிற இடம் எதுன்னு பாத்துட்டுல்ல சார் லென்ஸ் வாங்கணும்" என்றார்.

தஞ்சாவூர்க் கடையில் நானும் கடைக்காரரும் ஒரே கட்சி. அறுநூறு எம்எம் வரை எட்டுவதுதான் வேண்டும் என்றோம். மேடம் ஒவ்வொரு லென்ஸாக மாட்டி, வாசலில் நின்று, எதிர்க் கட்டடத்துப் புறாவைக் கை நடுங்கும்வரை பார்த்தார். தெருவில் போனவர்களும் என்னவோ ஏதோ என்று அண்ணாந்தார்கள். கடைசியில் கைக்கு அடங்கிய நூறு–நானூறு ஜூமை எடுத்தார். எனக்கு ஏமாற்றம்தான்.

அந்தப் பருவத்தில்தான் சாலைக்காக வாய்க்கால் கரை இலுப்பை மரத்தில் வெட்டு எண் எழுதினார்கள். மரம் நிறைய நத்தைகுத்தி நாரைக் கூடுகள். குஞ்சுகள் பறந்துவிட்டன, கூடுகள் காலி என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். மறுநாள் வெட்டு. கிட்டே போனால் பறவைகள் மிரளும் என்று மேடம் தூரத்து வரப்பில் நின்றபடி, கையில் தூக்கியே எடுத்தார். திரையில் குஞ்சுகள் வாய் திறந்திருந்தன. போதும், கிளம்பலாம் என்றேன். அவர் நின்ற இடத்திலேயே, முழு மரமும் தெரியும்படி லென்ஸ் வளையத்தை நூறுக்குத் திருப்பி இன்னொரு படம் எடுத்தார்.

"குஞ்சை மட்டும் காட்டினா, எந்த ஊரு மரமோன்னு சொல்லிடுவாங்க. மரத்தையும் காட்டணும் சார்."

கூடும் குஞ்சும், அடிமரத்துச் சிவப்பு எண்ணும் ஒரே படத்தில் விழுந்தன. அன்று மாலையே படங்களோடு வனத்துறை அலுவலகத்துக்குப் போனோம். இது அந்த மரம்தானா என்பதுதான் அதிகாரி கேட்ட முதல் கேள்வி. மேடம் இரண்டாவது படத்தை நீட்டினார். வெட்டு நின்றது. குஞ்சுகள் பறந்த பிறகும் மரத்தை வெட்ட யாரும் வரவில்லை.

அவருடைய லென்ஸ் இப்போது அவர் மகளிடம் இருக்கிறது. அதுதான் முறை. நானும் பிறகு அதே லென்ஸைத்தான் வாங்கினேன். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் வளையத்தை நூறுக்குத் திருப்பிவிடும் அவருடைய பழக்கம் என் கையில் தங்கிவிட்டது.

நேற்று இலுப்பைக்குப் போனேன். சிவப்பு எண் மங்கியிருக்கிறது, கூடுகள் நிறைந்திருக்கின்றன. பக்கத்தில் அவர் இல்லாதது தாங்க முடியவில்லை. குழுவில் படம் போட்டிருக்கிறேன், எல்லோரும் பாருங்கள். மரத்தையும் காட்டியிருக்கிறேன், மேடம்.