ஆறு மில்லி

மருதாசலம் இருபத்தாறு வருஷமாகப் போத்தனூர் பட்டறையில் பேட்டர்ன் செய்துவந்தார். பவுண்டரியில் பம்பு வார்க்க மர அச்சு வேண்டுமென்றால் அவர் பெஞ்சுக்குத்தான் வருவார்கள். 1994-ல் மோகன்குமார் ஒரு எலக்ட்ரிக் கிதாரோடு உள்ளே வந்தபோதும் அப்படித்தான் நினைத்து உளியைக் கீழே வைத்தார்.

அவன் நேராகப் பக்கத்துப் பெஞ்சில் வேலைசெய்யும் இளையவன் காளிச்சாமியிடம் போனான்.

மோகன்குமார் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். அந்தக் கிதார் அமெரிக்காவில் ஒரு காலத்தில் கேட்லாக் பார்த்துத் தபாலில் வரவழைத்த மலிவு ரகம். ரயில்வே காலனியைக் காலிசெய்த குடும்பம் விட்டுப்போனது. கழுத்து முறுக்கிக் கிடந்தது.

“இதே மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்க காளி. உங்க கைவேலைதான் சுத்தம்னாங்க.”

யார் சொன்னது? மருதாசலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. காளிச்சாமி தேக்கை இழைத்தான், ராவினான், பட்டறையே அவனைச் சுற்றி நின்றது.

“ஏனுங்ணா, வந்து பாருங்ணா.”

“நான் எதுக்கப்பா? நீதான் கிதார் மேஸ்திரி ஆயிட்டயே.”

சொன்னாலும் ஓரக்கண் அங்கேதான். கழுத்தில் விரல் அழுத்தும் கம்பிக்கட்டைகளுக்குக் கோடு போடும்போது காளிச்சாமி பழக்கத்தில் பேட்டர்ன் ஸ்கேலை எடுத்தான். ஆறும்போது இரும்பு சுருங்குமே, அதற்காக நூற்றுக்கு ஒன்று கூட்டி அடித்த ஸ்கேல். தந்தி முடியும் பிரிட்ஜுக்கு மட்டும் சாதா டேப் பிடித்தான். இரண்டு அளவும் ஒத்துப்போகாதென்று மருதாசலத்தின் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

தந்தி கட்டிய அன்று மோகன்குமார் வாசித்தான். விரல் மேலே போகப் போகச் சுருதி ஏறியது. அவன் முகம் கோணியது.

“பழசே தேவலைங்க போல.”

காளிச்சாமிக்குக் காது சிவந்தது. இதற்குத்தான் மருதாசலம் காத்திருந்தார். ஆனால் தேக்கின் ரேகை கழுத்தோரம் வளைந்து இறங்கிய அழகைப் பார்த்தார். அதைப் போய் விறகில் போடுவதா?

“பிரிட்ஜை ஆறு மில்லி பின்னால தள்ளு. சரியாப் போயிரும்.”

தள்ளினான். சுருதி சேர்ந்தது. பட்டறை கைதட்டியது, காளிச்சாமிக்கு.

“பாக்காமயே எப்படிங்க சொன்னீங்க?” என்றான் மோகன்குமார் வியந்து.

காளிச்சாமி பெஞ்சில் கிடந்த ஸ்கேலைப் பார்த்தான். பிறகு மருதாசலத்தை.

“அண்ணன் பாத்துட்டுத்தானுங்க இருந்தாரு. கோடு போட்டப்பவே.”

மருதாசலம் உளியை எடுத்தார். கிதார் தேனாகப் பாடிக்கொண்டிருந்தது. அதையும்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.