டயரில் நான் அடைத்த காற்று

புறப்படும் முன்பே ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். நான் "திருப்புங்க" என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் வேனைத் திருப்ப வேண்டும். கணவர் ஒப்புக்கொண்டார். இந்தப் பயணம் சரிப்படவில்லை என்றால் வேனையே விற்றுவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டார். அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சவூதியில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறை நாட்களில் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கிப் பழகியவர் அவர். ஊருக்கு வந்ததும் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டில் அடித்தார். திரைகளை நான் தைத்தேன். நம் பக்கத்துப் பாலைவனம் என்று அவர் கண்டுபிடித்தது திசையன்விளைக்கு அப்பால் இருக்கும் செம்மணல் தேரியை.

மகளுக்கு இரண்டு வயது. காய்ச்சல் மருந்து, இரண்டு தெர்மாமீட்டர், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், கொசுவலை என்று எடுத்துவைத்தேன். அவள் படுக்கையை நனைத்துவிட்டால்? அருமனையில் என் அம்மா வீட்டுத் தோட்டத்து ரப்பர் ஷீட் இரண்டை விரிப்புக்கு அடியில் போட்டேன். புகையில் உலர்த்திய ஷீட். நாற்றம் வேன் முழுக்க நிறைந்தது.

"ஏட்டி, ஊரு சுத்தப் போறோமா, ஷீட்டு விக்கப் போறோமா?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

மார்த்தாண்டத்தில் அவர் பழம் வாங்க இறங்கியபோது, பக்கத்து டயர் கடைக்காரரிடம், "அண்ணா, நாலு டயருக்கும் காத்து கொஞ்சம் கூடவே அடிச்சிருங்க" என்றேன். நீண்ட பயணம், பாரம் வேறு. அந்த ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வேனை ஒரு பக்கமாகத் தள்ளியது. காற்றாலைகளைப் பார்த்து, "ஃபேன்! ஃபேன்!" என்று மகள் கத்தினாள். அடுத்த காற்றாலைக்கு நானும் சேர்ந்து கத்தினேன்.

தேரியைப் பார்த்ததும் ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கினேன். தோப்பும் குளமும் இல்லாத இடத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியதுபோல் மணல், அதன்மேல் காற்று போட்ட வரிகள். "இன்னும் உள்ள போங்க!" என்று சொன்னது நான்தான். போனோம். பின் சக்கரங்கள் இரண்டும் பாதிக்குமேல் புதைந்தன.

அவர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். "என்ன இது, கல்லு மாதிரி இருக்கு? மணலுக்குக் காத்து குறைவாட்டுல்லா இருக்கணும்."

"நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"எவ்வளவு?"

"கூடவே."

அவர் தலையில் கைவைத்தார். பிறகு மணலில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. "திருப்புங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். புதைந்த வண்டியை எங்கே திருப்ப?

"பேடிக்காத மக்கா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றபடி எழுந்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். திரும்ப அடைக்கக் கால்பம்பு இருந்தது. கைகளால் மணலைத் தோண்டினோம். மகளும் ஒரு கரண்டியோடு வந்து, நாங்கள் அள்ளியதைத் திரும்பப் போட்டாள். அப்போதுதான் அந்த ஷீட்டுகள் நினைவுக்கு வந்தன. வரிவரியாக அழுத்திய ரப்பர், வழுக்காது அல்லவா! இழுத்துவந்து சக்கரங்களுக்குப் பின்னால் விரித்தேன். அவர் ரிவர்ஸ் எடுத்தார். வேன் ஒருமுறை உறுமி, ஷீட்டில் ஏறி, கெட்டியான தரைக்கு வந்து நின்றது. மகள் கைதட்டினாள்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிய ஓர் அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "இங்கன தங்கலாமாக்கா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லப் போறா? வெள்ளென ஆடுதான் வந்து எட்டிப் பாக்கும்."

கணவர் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி, "சொல்லு, திருப்பவா?" என்றார். இந்த முறை அவர் என் முகத்தைப் பார்த்தார்.

மகளின் தலைமுடியெல்லாம் செம்மணல். காதுக்குள்ளும் இருக்குமோ? சளி பிடிக்குமோ? தொட்டுப் பார்த்தேன், நெற்றி குளிர்ச்சியாக இருந்தது. கரண்டி கரண்டியாகத் தன் காலில் மணலைக் கொட்டி அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்ப எடுத்து வைங்க" என்றேன். "கஞ்சி வைக்கணும்."

ஷீட்டுகளை உதறி மறுபடியும் விரிப்புக்கு அடியில் போட்டேன். நாற்றமடித்த மறுமுனையை அவரே பிடித்து இழுத்துச் சரிசெய்தார்.