வலது பாக்ஸில் கிலுகிலுப்பை

எங்களுடையது மைக் செட் தொழில். பென்னாகரம் சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் எங்கள் வண்டி போய் நிற்கும். மற்ற செட்டுக்காரர்களைவிட எங்களிடம் ஸ்பீக்கர் பாக்ஸும் குறைவு, கலர் லைட்டும் குறைவு. ஆனால் "அவங்க சவுண்டு காதைக் குத்தாது" என்று எங்களுக்கு ஒரு பேர் உண்டு. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருஷம் ஒயர் சுற்றியவள் நான், எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

அந்தப் பேரை என் வீட்டுக்காரர் சம்பாதித்தது ஒரு இங்கிலீஷ் பாட்டினால் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமான புதிதில் பெங்களூரில் ஒரு பழைய கேசட் கடையில் பொறுக்கிக்கொண்டு வந்த கேசட் அது. மேலே ஒட்டியிருந்த தாள் கிழிந்திருந்தது. முதல் பக்கத்தின் முதல் பாட்டு தடதடவென்று போகும். ஊர்ப் பையன்கள் எல்லாம் அதைத்தான் போடச் சொல்வார்கள். இவர் பிடித்துக்கொண்டது இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டை. மெதுவான பாட்டு. அது வருவதற்குள் எல்லோரும் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். பிற்பாடு எங்கள் மகள் போனில் தேடிப் பாடியவர்களின் பேரைச் சொன்னாள், எங்கள் இரண்டு பேர் வாயிலும் அது நுழையவில்லை. அதைக் கேட்டவர்களே ரொம்பக் கம்மியாம். "உலகத்துலயே உங்க ரெண்டு பேருக்குத்தாம்பா இது பிடிச்சிருக்குது" என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் இவர் "ஹலோ ஹலோ, மைக் டெஸ்ட்" என்று கத்த மாட்டார். பாக்ஸை இரண்டு பக்கமும் வைத்துவிட்டு அந்தப் பாட்டைப் போடுவார். முதலில் பியானோவும் ஒரு ஆளின் குரலும் மட்டும். குரலுக்கு எக்கோ கிடையாது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். பாதிப் பாட்டு போன பிறகுதான் டிரம்ஸ் வரும், அதையும் அடிக்க மாட்டார்கள், தடவுவார்கள். பின்னால் ஒரு ஆர்கன் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அது நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் இருந்ததே தெரியும். கடைசிச் சரணத்தில், வலது பக்கத்தில் மட்டும், குழந்தையின் கிலுகிலுப்பையை யாரோ பொத்திப் பொத்தி ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நாலு வரிக்கு இருக்கும், பிறகு போய்விடும். அதுதான் இவருக்கு அளவுகோல். ட்ரெபிள், அதாவது மெல்லிசான கூர்மையான சத்தம், குறைந்தால் கிலுகிலுப்பை காணாமல் போகும், கூடினால் பாடுகிறவரின் குரல் கீறும். இரண்டும் சரியாக நிற்கிற இடத்தில் மிக்சர் குமிழை விட்டுவிட்டு, கிலுகிலுப்பை வருகிற நொடியில் வலது கை ஆட்காட்டி விரலை லேசாகத் தூக்குவார். யாரிடமும் சொல்ல மாட்டார். அந்த விரலைத் தூக்கினால் செட் தயார் என்று எனக்கு அர்த்தம்.

போன வருஷம் தை மாதத்தில் பென்னாகரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரம் பாக்ஸில் கீச்சென்று கிளம்பியது. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேளக்காரர் எங்களைப் பார்த்து முறைத்தார். நான் ஓடிப்போய் "ஏங்க, ரொம்பக் குத்துது, குறைங்க" என்றேன்.

"மந்தமா இருக்குது புள்ள. நீ போ, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மண்டபத்துக்காரர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். "என்னங்க இது? கார்த்திகையிலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு. வந்த சனம் பாதி வெளியில போயி நிக்குது. எம் பொண்ணு கல்யாணம் வைகாசியில. அன்னைக்கும் இப்பிடின்னா நான் சேலத்துல இருந்துதான் ஆளக் கூப்புடணும். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். சேலத்துக்காரன் ஒருமுறை அந்த மண்டபத்துக்குள் வந்துவிட்டால் எங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பாட்டு மாறவில்லை, பாக்ஸ் மாறவில்லை, ஆனால் குமிழ் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் மாறியது என்ன?

மறுநாள் காலையில் வீட்டில் செட்டைத் துடைக்கிற சாக்கில் பாட்டைப் போட்டேன். போடுவதற்கு முன், வலது பக்கத்து ட்ரெபிளை அடியோடு இறக்கி வைத்துவிட்டேன். இப்போது கிலுகிலுப்பை வரவே வராது. இவர் டீ டம்ளரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். கடைசிச் சரணம் வந்தது. கிலுகிலுப்பை வரவேண்டிய அதே நொடியில், ஒரு இம்மி பிசகாமல், விரலைத் தூக்கினார்.

நான் பொறுமைசாலி இல்லை. வாய் முந்திக்கொண்டது.

"இப்ப எதுக்கு வெரலத் தூக்குனீங்க?"

"சத்தம் வந்துச்சில்ல?"

"வரலைங்க. நான் அதை அமுக்கி வெச்சிருக்கேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். சே, என்ன ஜென்மம் நான் என்று அப்போதுதான் தோன்றியது. ஒரு மனுஷனுக்கு அவன் காது போனதை இப்படியா சொல்வது? அடுப்படியில் நின்று அழுதேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. மண்டபத்தில் தனியாக இருக்கும்போது காதில் விழும்வரை குமிழைத் திருகியிருக்கிறார். நான் பார்க்கும்போது மனப்பாடமாக விரலைத் தூக்கியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அவரே "கெளம்பு, காதைக் காட்டிட்டு வரலாம்" என்றார். தருமபுரியில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். கனமான சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, மெல்லிசான கூர்மையான சத்தம்தான் போய்விட்டது, இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றதால் வந்தது என்றார் டாக்டர். காதில் மெஷின் வைத்தால் பேச்சு தெளிவாகும், ஆனால் சவுண்டு அளக்க அதை நம்பக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வைகாசிக் கல்யாணத்துக்கு வாங்குன அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துரலாம்" என்றார்.

"எதுக்குத் திருப்பணும்? நான் உக்காந்துக்கறேன் குமிழுகிட்ட."

"நீயா?"

"ஏன், எனக்குக் காது இல்லியா?"

பின் சீட்டில் இருந்த அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சமையல் முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டோடு உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருஷமாக ஒயர் இழுத்துக்கொண்டே கேட்ட பாட்டு, உட்கார்ந்து கேட்டது அப்போதுதான். அடேயப்பா, என்ன வேலை செய்திருக்கிறார்கள்! இரண்டாம் சரணத்தில் ஒரு பெண்ணின் முனகல் அந்த ஆளின் குரலுக்குப் பின்னால் ஒளிந்து வருகிறது. பியானோ ஒரே ஒரு இடத்தில் ஒரு கட்டையை விட்டுவிடுகிறது, அந்த இடைவெளியில் பாடுகிறவர் மூச்சு எடுக்கிறார். யாரோ ஒரு ஆள், எங்களைப் போலக் குமிழ்களுக்கு முன்னால் உட்கார்ந்து, எதை வைப்பது, எதை ஒதுக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். பாட்டு ஓடவில்லை, பேரும் வரவில்லை. ஆனால் வேலையில் ஒரு இழை குறை வைக்கவில்லை. அந்த முகம் தெரியாத ஆள்மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை வந்தது.

ஒரு நாள் காலையில் இன்னொன்று கேட்டது. டிரம்ஸ் வருவதற்கு முன்னால், பியானோவும் குரலும் மட்டும் இருக்கிற இடத்தில், அடியில் டொம்... டொம்... என்று ஒரு சத்தம். திரும்பத் திரும்பப் போட்டேன். சந்தேகமே இல்லை, பாடுகிற ஆள் காலால் தரையில் தட்டுகிறார். மரத் தரையாக இருக்க வேண்டும். பதிவிலிருந்து அதைத் துடைத்திருக்கலாம், துடைக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள். இவர் ஒருநாளும் இதை எனக்குச் சொன்னதில்லை.

"ஏங்க, இங்க வாங்க!" என்று கத்தினேன். பாட்டைப் பெரிய பாக்ஸில் போட்டுவிட்டு, "கிலுகிலுப்பைய வுட்டுருங்க. அடியில கேளுங்க" என்றேன்.

வேண்டாவெறுப்பாக நின்றார். பிறகு பாக்ஸின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டு வெறும் காதால் கேட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"கால் தட்றான்டி!"

"ஆமாங்க."

"எனக்குக் கேக்குது. நல்லாக் கேக்குது. இத்தன வருசமா இந்தாளு தட்டிக்கிட்டே இருந்திருக்கான், நான் பாட்டுக்குக் கிலுகிலுப்பையவே தேடிக்கிட்டுக் கெடந்திருக்கேன்" என்று சிரித்தார். காது டாக்டரிடம் போய் வந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன் காது என் காதவிடப் பெரிய காது புள்ள" என்றார். தாலி கட்டிய நாளிலிருந்து இந்த மனுஷன் என் காதைப் பற்றிப் பேசியதென்றால் அதில் போடுகிற தோட்டைப் பற்றித்தான்.

வைகாசிக் கல்யாணத்தன்று மிக்சருக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். மண்டபத்துக்காரர் பட்டு வேட்டியோடு வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னம்மா, நீங்க உக்காந்திருக்கீங்க? அவரு எங்க?"

வலது பாக்ஸ் பக்கத்திலிருந்து இவர் குரல் வந்தது, மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில்: "அவதாங்க ஆபரேட்டர். நான் பாக்ஸ் ஆளு."

தாலி கட்டினார்கள். நாதஸ்வரம் வந்தது. நான் குமிழை விட்டு விரலை எடுக்கவே இல்லை. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்தவில்லை, பேசிக்கொண்டும் பூ வைத்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வெளியே எழுந்து போகவில்லை. சவுண்டைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பந்தி நடக்கும்போது மண்டபத்துக்காரர் இவர் தோளைத் தட்டி, ஆவணியில் இருக்கும் முகூர்த்தங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னார், என்னிடம்.

பந்தி முடிந்து மண்டபம் காலியான பிறகு, ஒயரைச் சுற்றப் போன இவர் நின்று, "ஒரு வாட்டி போடு" என்றார். போட்டேன். நாற்காலி அடுக்குகிறவர்களைத் தவிர யாரும் இல்லை. இவர் வலது பாக்ஸ்மேல் கை வைத்து நின்றார். கால் தட்டுகிற இடம் வந்ததும் விரலைத் தூக்கினார். ஆர்கன் நின்றது. கடைசிச் சரணம் வந்தது. இந்த முறை அவர் பாட்டுக்குக் காது கொடுக்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிலுகிலுப்பை வந்தது. நான் விரலைத் தூக்கினேன். அவரும் தூக்கினார்.